சமணர் காலம் என்று ஒரு காலம் உண்டா? - தொண்டிக் கரையும் தொல்லியல் பதிவேடுகளும்

இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில், பாக்கு நீரிணையை நோக்கி அமைந்த தொண்டி, பாண்டிய நாட்டின் பழந்துறைகளுள் ஒன்று. இத்துறையின் வரலாற்றை எழுதப்புகுவோர் முதலில் ஒரு பெயர்ச் சிக்கலைத் தீர்த்தாக வேண்டும். ஐங்குறுநூற்றின் தொண்டிப் பத்து பாடுவது இத்தொண்டியை அன்று. மேலைக் கடற்கரையில் சேரர்க்கு உரியதாயிருந்த தொண்டியை. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட எரித்திரியக் கடற்பயண நூல் முசிறியோடு சேர்த்துச் சேர நாட்டில் வைத்துக் கூறும் திண்டிஸ் துறையும் அதுவே. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், அகிலும் துகிலும் கருப்பூரமும் தொண்டியிலிருந்து வந்த செய்தி, மதுரைக்குக் கீழ்க்காற்று வந்து சேர்வதோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. கீழ்க்காற்றோடு மதுரையை அடையும் மணம் கிழக்குக் கரையிலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும். எனவே அங்கே பேசப்படுவது இத்தொண்டி எனக் கொள்வது பொருந்தும்.

இவ்விரண்டு தொண்டிகளையும் ஒன்றாக்கி, மேலைத் தொண்டிக்கு உரிய சான்றுகளைக் கீழைத் தொண்டியின் கணக்கில் ஏற்றி, "சங்க காலத் துறைமுகம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் வழக்கம் உண்டு. பிழை ஊர்ப்பெயரோடு நிற்பதில்லை. "சங்க காலம்" என்ற அச்சொல்லே எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிகிறது என்று கேட்டால், கேட்கப்படுபவரைப் பொறுத்து விடை மாறும். ஊர்ப்பெயர் மயக்கத்தை நிலப்படம் தீர்த்துவிடும். காலப்பெயர் மயக்கத்தைத் தீர்க்க அத்தகைய படம் இல்லை.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980இல் தொண்டியில் அகழாய்வு செய்தது. அதன்பின் வைகை கடலோடு கலக்கும் இடத்திற்கு அருகிலுள்ள அழகன்குளத்தில் 1986-87 தொடங்கிப் பல பருவங்களாக அகழாய்வு நடைபெற்றது. பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீன மட்கலங்கள் கிடைத்தன. இக்கரையில் கிடைத்த ஒவ்வொரு ஓட்டுக்கும் காசுக்கும் ஒரு பதிவு உண்டு. முன்பு அது பேரேட்டிலும் அட்டையிலும் இருந்தது. இன்று கணினித் தரவுத்தளத்திற்கு மாறி வருகிறது. அப்பதிவில் இடம், ஆழம், பொருள், அளவு ஆகியவற்றோடு "காலம்" என்று ஒரு கட்டம் இருக்கும். மற்றக் கட்டங்களை அளவுகோலால் நிரப்பிவிடலாம். காலக் கட்டத்தை நிரப்புவது பதிவாளரின் கல்வியும் பழக்கமும்.

அக்கட்டத்தில் வழக்கமாக எழுதப்படும் சொற்கள் ஒரே இனத்தவை அல்ல. பெருங்கற்காலம் என்பது ஈமச்சின்ன முறையால் வந்த பெயர். இரும்புக்காலம் கருவியின் மூலப்பொருளால் வந்தது. சங்க காலம் ஒரு இலக்கியத் தொகுப்பால் வந்தது. அதற்கு அடிப்படையான முச்சங்கச் செய்தியோ இறையனார் களவியல் உரை வழியாக நாம் அறிவது, தொகுக்கப்பட்ட பாடல்களுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. பல்லவர் காலம், சோழர் காலம் என்பன அரச மரபுகள். சமணர் காலம் என்பது ஒரு சமயத்தாரின் பெயர். இருண்ட காலம் என்பதோ யாருடைய பெயருமன்று, ஒரு தீர்ப்பு. கருவியையும் கவிதையையும் அரசரையும் துறவியரையும் ஒரே கட்டத்தில் அடுக்கி, அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்று எண்ணுவது எத்தனை இடர்ப்பாடுடையது என்பதை அழகன்குளமே காட்டும்.

அழகன்குளத்தில் கிடைத்த மட்கலங்களுள் 'ரௌலட்டட்' எனப்படும் உருள்கோட்டு வரி ஓடுகள் புகழ்பெற்றவை. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் கலங்களோடு ஒப்பிட்டு, இவ்வகை ஓட்டைக் கிறித்து பிறந்த காலத்தை ஒட்டியும் அதன்பின்னும் வைத்தார். 1983இல் விமலா பெக்லி அரிக்கமேட்டுச் சான்றுகளை மறு ஆய்வு செய்து, இவ்வோடு கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது என்று வாதிட்டார். ஓடு மாறவில்லை, அது கிடந்த குழியும் மாறவில்லை. ஆயினும் வீலரைப் படித்துப் பதிந்தவரின் ஏட்டில் அது ஒரு காலத்தது. பெக்லியைப் படித்துப் பதிந்தவரின் ஏட்டில் வேறொரு காலத்தது. இருவரும் எழுதிய சொல் மட்டும் ஒன்றே: "சங்க காலம்". சொல் ஒன்றாயிருப்பதால் வேறுபாடு மறைந்தே கிடக்கும். எவர் நூலை நம்பி எழுதப்பட்டது என்ற குறிப்பு பதிவில் இல்லையெனில், பின்னால் வருபவர் அதைத் தோண்டி எடுக்க மற்றொரு அகழாய்வுதான் செய்ய வேண்டும்!

அதே அழகன்குளத்தில் இரண்டாம் வாலண்டினியன் போன்ற, 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உரோமப் பேரரசர்களின் செப்புக் காசுகளும் கிடைத்துள்ளன. பாடநூல்கள் சங்க காலத்தைக் கி.பி. 3ஆம் நூற்றாண்டோடு முடிப்பது வழக்கம். அவ்வரையறையின்படி இக்காசுகள் சங்க காலத்திற்கு வெளியே விழுகின்றன. அதாவது, இருண்டதாகச் சொல்லப்படும் காலத்தில் விழுகின்றன. கடல் வாணிகம் நூற்றாண்டுக் கோட்டைப் பார்த்து நின்றுவிடவில்லை. பதிவேட்டில் ஊர் முழுவதற்கும் "சங்க காலம்" என்ற ஒற்றைச் சொல் இருந்தால், "கி.பி. 380இல் இக்கரையில் வாணிகம் நடந்ததா?" என்று தேடும் ஆய்வாளர்க்கு அழகன்குளம் அகப்படாது.

தொடக்க எல்லையிலும் இதே நிலை. தமிழ்நாடு அரசு 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கை, கரிமக் காலக்கணிப்பில் ஒரு மாதிரிக்குக் கிடைத்த கி.மு. 580 என்ற ஆண்டை முன்வைத்து, சங்க கால நகர நாகரிகத்தைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றது. அதற்குமுன் பொருந்தல் நெல்மணிக்குக் கி.மு. 490 என்ற கணிப்பு வந்திருந்தது. இங்கே இயற்பியல் வைக்கும் ஒரு தடையையும் நினைவிற் கொள்ள வேண்டும். கி.மு. 800க்கும் கி.மு. 400க்கும் இடைப்பட்ட காலத்தில் கரிமக் கணிப்பின் திருத்த வளைகோடு ஏறத்தாழச் சமதளமாகக் கிடக்கிறது. அதனால் அவ்விடைவெளியில் விழும் மாதிரிக்கு ஓர் ஆண்டு கிடைப்பதில்லை, நூற்றாண்டுக்கணக்கில் அகன்ற ஓர் எல்லையே கிடைக்கிறது. அவ்வெல்லையின் இரு முனைகளையும் எழுதாமல் நடுவெண்ணை மட்டும் எழுதும் பதிவு, அறிந்ததைவிட அதிகம் அறிந்ததாகக் காட்டிக்கொள்கிறது.

காலப்பெயர் எத்துணைப் பெரிய விவகாரமாகக்கூடும் என்பதைக் கீழடியின் மற்றோர் அறிக்கை நாடறியச் செய்தது. இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் அங்கே அகழாய்வு நடத்திய கே. அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் அளித்தார். அது கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 3ஆம் நூற்றாண்டு வரை மூன்று காலக்கட்டங்களை வகுத்தது. 2025இல் அத்துறை அம்மூன்று கட்டங்களின் பெயரையும், முதற் கட்டத்தின் தொன்மையையும் திருத்தக் கோரியது. மண்ணடுக்கும் பொருட்சான்றும் கணிப்பும் கொண்டு எட்டிய முடிபை மாற்ற இயலாதென அவர் மறுத்தார். எப்பக்கம் நியாயம் என்பது தனி ஆய்வு. இங்கே நோக்கத்தக்கது, சண்டையின் பாதி பொருள்கள் பற்றியதன்று, பெயர்கள் பற்றியது என்பதே.

அரச மரபுப் பெயர்கள் உறுதியானவை போலத் தோன்றும். அவற்றிலும் இடம் மாறினால் பொருள் மாறும். 6 முதல் 9ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தை இலக்கிய வரலாற்று நூல்கள் "பல்லவர் காலம்" என்கின்றன. காஞ்சிக்கு அது சரி. தொண்டிக் கரையை அப்போது ஆண்டவர் முற்காலப் பாண்டியர். தொண்டிக்கு அருகேயுள்ள தீர்த்தாண்டதானத்தில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் முதலிய வணிகக் குழுக்களைக் குறிக்கும் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உண்டு. அது பிற்காலப் பாண்டியர் காலத்தது. அதே நூற்றாண்டின் முற்பாதியைத் தஞ்சையில் எழுதினால் "பிற்காலச் சோழர்" என்று எழுத வேண்டிவரும். நீரிணையைக் கடந்தால் சொற்கள் முற்றிலும் வேறு. இராமேசுவரக் கரையில் படையிறக்கிய முதலாம் பராக்கிரமபாகுவின் ஆட்சி (1153-1186) இலங்கைப் பதிவேட்டில் "பொலன்னறுவைக் காலம்". ஒரே போரின் எச்சங்கள் இருகரைகளிலும் கிடைத்தாலும், காலச் சொல்லைக் கொண்டு தேடும் கணினி அவற்றை ஒன்றோடொன்று சேர்க்காது.

இனிச் சமணத்தோடு நேரடியாகத் தொடர்புடைய இரு சொற்களுக்கு வருவோம். முதலாவது, இருண்ட காலம். வேள்விக்குடிச் செப்பேட்டில் களப்பிரர் பற்றி வரும் செய்தியைப் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு இப்பெயரைச் சூட்டினர். சான்று குறைவு என்பதற்கும் நாகரிகம் குன்றியது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இப்பெயர் அழித்துவிட்டது. மயிலை சீனி. வேங்கடசாமி 'களப்பிரர் ஆட்சியில் தமிழகம்' என்னும் நூலில் இப்பெயரை மறுத்து, அக்காலத்தே மொழியும் எழுத்தும் சமயமும் வளர்ந்ததை எடுத்துக்காட்டினார். ஆயினும் பட்டியல்களில் அச்சொல் இன்னும் வாழ்கிறது.

உண்மையில் அந்த "இருளுக்குள்" தென்னிந்திய வரலாற்றின் மிக உறுதியான ஆண்டுக் குறிப்பொன்று எரிகிறது. அதை ஏற்றிவைத்தவர் ஒரு சமண முனிவர். சர்வநந்தி என்பார் பாடலிகையில் இருந்துகொண்டு பிராகிருதத்தில் உலகின் அமைப்பைக் கூறும் நூலொன்றை இயற்றினார். அதன் வடமொழி ஆக்கமாகிய சிம்மசூரியின் 'லோகவிபாகம்' மூலநூல் முடிந்த காலத்தை இரு வகையில் குறிக்கிறது: சக ஆண்டு 380; காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு. சகத்தோடு 78 கூட்டினால் கி.பி. 458. அதிலிருந்து 22ஐப் பின்னோக்கி எண்ணினால் சிம்மவர்மன் அரியணை ஏறியது கி.பி. 436ஐ ஒட்டி. முற்காலப் பல்லவர் வரிசை முழுவதும் இந்த ஒரு முளையில் கட்டப்பட்டிருக்கிறது. பாடலிகை என்பது இன்றைய கடலூரைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர். ஆட்சியாண்டு மட்டும் எழுதும் வழக்கம் பெருகியிருந்த நாட்டில், தொடர் ஆண்டொன்றையும் உடன் எழுதிய அம்முனிவரின் கவனத்தை வரலாற்றாசிரியர் போற்றாமல் இருக்க முடியாது.

அவ்வாறு தொடர் ஆண்டின் பெயர் சொல்லப்படாதபோது என்ன நேரும் என்பதற்குப் பூலாங்குறிச்சி சான்று. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்து இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ள அவ்வூர்ப் பாறைக் கல்வெட்டு, சேந்தன் கூற்றன் என்னும் அரசனைக் குறிக்கிறது. தாபதப் பள்ளி ஒன்றையும் குறிக்கிறது. ஆண்டு 192 என்கிறது. எந்தத் தொடரின் 192? சகம் எனக் கொண்டால் கி.பி. 270. எழுத்தமைதியைக் கொண்டு ஐராவதம் மகாதேவன் கணித்ததோ கி.பி. 500ஐ ஒட்டிய காலம். இரண்டுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவு. ஒரு பதிவாளர் "சங்க காலத்தின் இறுதி" என்றும், மற்றொருவர் "களப்பிரர் காலம்" என்றும் எழுதினால் இருவரையும் குறைகூற இயலாது. எதை நம்பி எழுதினர் என்பதை எழுதாமல் விட்டதுதான் குறை.

மதுரையில் வச்சிரநந்தி திராவிட சங்கத்தை நிறுவிய செய்தியும் இத்தகையதே. விக்கிரம ஆண்டு 526 என்று தேவசேனரின் 'தர்சனசாரம்' கூறுகிறது. 57ஐக் கழித்தால் கி.பி. 469 அல்லது 470. ஆனால் தேவசேனர் எழுதியது கி.பி. 933இல், நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 460 ஆண்டுகள் பின்னர். ஆண்டைப் பதியும்போது அதைச் சொன்னவரின் ஆண்டையும் உடன் பதிந்தால்தான் படிப்பவர் அதற்குரிய மதிப்பைத் தாமே நிறுத்துக்கொள்வார்.

இரண்டாவது சொல், சமணர் காலம். ஊர்க்குறிப்புகளிலும் சுற்றுலாப் பலகைகளிலும் மலைக்குகை என்றாலே இச்சொல் வந்து அமர்ந்துவிடுகிறது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரும் கணி நந்தாசிரியர் பெயரும் தாங்கிய கற்படுக்கைகளை ஐராவதம் மகாதேவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைத்தார். கீழக்குயில்குடிச் சமணர் மலையின் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அங்குள்ள எழுத்துகள் குரண்டித் திருக்காட்டாம்பள்ளி ஆசிரியரையும் மாணாக்கரையும் குறிக்கின்றன. அக்குரண்டியும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தது. மாங்குளத்திற்கும் குயில்குடிக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் கடந்துள்ளன. இரண்டையும் ஒரு சொல்லில் அடக்குவது, அசோகனையும் அக்பரையும் "அரசர் காலம்" என்பதற்கு ஒப்பாகும்.

அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. ஒரு சமயத்தைக் காலப்பெயராக்கிவிட்டால் அச்சமயம் அக்காலத்தோடு முடிந்துபோனதாகப் பொருள்படும். 7ஆம் நூற்றாண்டோடு தமிழ்ச் சமணம் மறைந்தது என்ற எண்ணம் பலர் உள்ளத்தில் ஊன்றியதற்கு இத்தகைய பெயர்களும் துணைசெய்தன. சைவர் காலம், வைணவர் காலம் என்று எந்தத் தொல்லியல் பட்டியலிலும் ஒரு வரிசை கிடையாது. சமயம் என்ற கட்டத்தில் "சமணம்" என்று எழுதுவது முறை. காலம் என்ற கட்டத்தில் எழுதுவது முறையன்று.

பிற நாடுகளும் இதே குழப்பத்தைச் சந்தித்தன. பிரிட்டனில் மரபுச்சின்னப் பதிவுகளுக்கென ஒப்புக்கொண்ட காலப்பட்டியல் ஒன்றுண்டு. அதில் உரோமர் காலம் என்றால் கி.பி. 43 முதல் 410 வரை; இரும்புக்காலம் 43இல் முடியும். ஆனால் உரோமர் ஆளாத அயர்லாந்தில் இரும்புக்காலம் மேலும் சில நூற்றாண்டுகள் நீள்கிறது. ஒரே பட்டியல் எல்லா நிலத்துக்கும் பொருந்தாது என்பது அடுத்த தீவிலேயே விளங்கிவிட்டது. அமெரிக்க அறிஞர் சிலர் தொடங்கிய 'பீரியட்-ஓ' என்னும் காலப்பெயர்த் திரட்டு வேறு வழியை மேற்கொண்டது. அது எவருடைய வரையறையையும் சரியென்றோ தவறென்றோ கூறுவதில்லை. இப்பெயரை, இந்நூலில், இன்னார், இந்நிலப்பரப்புக்கு, இத்தொடக்க ஆண்டு முதல் இவ்விறுதி ஆண்டு வரை என்ற பொருளில் ஆண்டார் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி எண்ணிட்டு வைக்கிறது. பல நோக்கில் ஒரு பொருளைக் காணும் அநேகாந்த நெறியில் பழகியவர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. ஒவ்வொரு கூற்றும் அதன் நிலையில் நின்று உண்மை. அந்நிலையைச் சொல்லாமல் விடும்போதுதான் பொய்யாகிறது.

தமிழகத்துக்கு உகந்ததும் இவ்வழியே. "சங்க காலம்" என்ற சொல்லை எவரும் கைவிட வேண்டியதில்லை. அதன் அருகில் இரண்டு எண்கள் வேண்டும்: முந்தைய எல்லை, பிந்தைய எல்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்றால் கி.மு. 200 முதல் 101 வரை, கி.பி. 13ஆம் நூற்றாண்டு என்றால் 1201 முதல் 1300 வரை. இரு எண்களும் இருந்துவிட்டால் சொல் எதுவாயினும் கணினி எல்லைகளை ஒப்பிட்டுத் தேடித் தந்துவிடும். தொண்டியின் பாண்டியரும் பொலன்னறுவையின் பராக்கிரமபாகுவும் ஒரே தேடலில் கிடைப்பர். ஒரு நுட்பத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1; இடையே சுழி ஆண்டு இல்லை. கணினியின் பன்னாட்டு ஆண்டு முறையிலோ கி.மு. 1 என்பதே சுழி. ஆகவே கி.மு. 580 அங்கே கழித்தல் 579 ஆகும். இதை அறியாமல் எண்களை ஏற்றினால் பட்டியலின் கி.மு. ஆண்டுகள் யாவும் ஓராண்டு பிசகும்.

சமண மரபு இக்கணக்கில் நெடுங்காலமாகவே தேர்ந்தது. பகவான் மகாவீரர் வீடுபேறு அடைந்த கி.மு. 527 தொடங்கி எண்ணும் வீரநிர்வாண ஆண்டுக்கும் சக ஆண்டுக்கும் இடைவெளி 605 ஆண்டு 5 மாதம் என்று ஆசாரியர்கள் திங்களளவு நுணுக்கத்தோடு வகுத்துவைத்தனர். ஒரு தொடரிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கான விதியை எழுதிவைப்பதுதான் இன்றைய தரவுத்தளங்கள் நாடும் செயல்.

தொண்டிக் கரையின் உள்நாட்டில், தேவகோட்டைப் பகுதியில், அனுமந்தகுடி என்னும் ஊர் உள்ளது. அங்கே மழவநாதர் கோயில் என்று மக்கள் வழங்கும் சினாலயம் இருக்கிறது. அதன் கல்வெட்டு முத்தூற்றுக் கூற்றத்தையும், குருவடிமிடி என்னும் மறுபெயருடைய சினேந்திரமங்கலத்தையும் குறிக்கிறது. ஆண்டு, சகம் 1455. ஊரின் பெயரிலேயே சினேந்திரர் இருந்தார் என்பதும், மறைந்துபோனதாகச் சொல்லப்பட்ட சமயம் சம்பந்தருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் இக்கரையில் கோயிலும் கல்வெட்டுமாக நின்றது என்பதும் இந்த ஒரு கல்லால் தெளிவாகின்றன. இதைச் "சமணர் காலம்" என்று பதிந்தால் 7ஆம் நூற்றாண்டுக்கு முன் போய்விடும். "நாயக்கர் காலம்" என்றால் மதுரை நாயக்கர் ஆட்சி அப்போதுதான் முளைவிட்டிருந்தது. "சேதுபதிகள் காலம்" என்றால் அம்மரபு 1605இல்தான் தொடங்கும். "விசயநகரர் காலம்" என்பது பொருந்தும். ஆயினும் அச்சொல் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அகன்றது.

எனவே அப்பதிவு இவ்வாறு அமையலாம். கல்லில் உள்ளபடி ஆண்டு: சகம் 1455. முந்தைய எல்லை 1532, பிந்தைய எல்லை 1534. கல்வெட்டு வழக்கில் சக ஆண்டு சென்ற ஆண்டாகவும் நடப்பாண்டாகவும் எண்ணப்படுவதால் இவ்வளவு இடம் விடவேண்டும். அரச மரபு: விசயநகரம். அக்காலத்து மாவட்டம் என்ற கட்டத்தில் முத்தூற்றுக் கூற்றம். பழைய அறிக்கைகளில் இராமநாதபுரம். 1985க்குப் பின் சிவகங்கை. சமயம்: சமணம். வழிபாடு என்ற கட்டம் இருக்குமாயின், அதில் பிந்தைய எல்லையை எழுதாமல் விட்டுவிட வேண்டும்.